நாலாம் நம்பர் படகு ஏன் தாமதம்?

"உனக்கு வேகம் பத்தாது ஜோதி. திங்கட்கிழமையிலேர்ந்து நீ படகைத் தொட வேண்டாம். லைஃப் ஜாக்கெட் கழுவுற வேலையைப் பாரு."

மேற்பார்வையாளர் ரத்தினவேல் இதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கொஞ்சம் மெதுவாகவாவது சொல்லியிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. கழுத்தில் விசில் தொங்க, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, படகுத்துறை வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த கனிஷ்காவுக்கு இரண்டு காதும் சூடாகிவிட்டன. ஏனென்றால், ஜோதி அவளுடைய அம்மா.

"சார், நான் கீழே முக்கால் மணி நேரம் காத்துக்கிட்டு..." என்று அம்மா ஆரம்பித்தார்.

"சாக்குப் போக்கு சொல்லாதே. ஒண்ணாம் நம்பர் படகு இன்னிக்கு எட்டு நடை போயிட்டு வந்திருக்கு. நீ மூணு. கயிறைப் பிடிச்சுக்கிட்டு நிக்கவே உனக்கு நேரம் சரியா இருக்கு."

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கனிஷ்கா அவர்களை முறைத்தாள். அவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. அதனால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

கனிஷ்கா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். காலாண்டு விடுமுறை என்பதால், தினமும் காலையில் அம்மாவோடு சிந்தாமணியிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டி இந்தப் படகுப் பூங்காவுக்கு வந்துவிடுவாள். ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் நடுவில் இருந்தது பூங்கா. அங்கே நான்கு பேட்டரிப் படகுகள். நான்காம் நம்பர் படகை ஓட்டுவது அம்மா. படகோட்டிகளில் அவர் ஒருவர்தான் பெண்.

மூன்று மாதப் பயிற்சி. நீச்சல் தேர்வு. முதலுதவித் தேர்வு. எல்லாவற்றிலும் அம்மாதான் முதல். அப்படிப்பட்டவரைப் பார்த்து ஜாக்கெட் கழுவு என்றால் எப்படி இருக்கும்?

இன்னொன்றும் அவள் கவனித்திருந்தாள். மூன்றாம் நம்பர் படகு ஓட்டும் பூவரசனை ரத்தினவேல் சார், "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா?" என்பார். அம்மாவை மட்டும் "நீ", "வா", "போ".

"ஏம்மா நீ பதில் பேசலை?" பஸ்ஸில் வீடு திரும்பும்போது கேட்டாள்.

"பேசினா கேக்கணும்ல?" என்று சொல்லிவிட்டு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தூரத்தில் மலைக்கோட்டை மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

கனிஷ்கா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு வேகம் பத்தாது என்பது பொய். அவளுக்கு அது நிச்சயம். ஆனால் மூன்று நடை என்பது உண்மை. அதையும் மறுக்க முடியாது. அப்படியானால் நேரமெல்லாம் எங்கே போகிறது?

மறுநாள் சனிக்கிழமை. கனிஷ்கா பையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டாள். துறைக்குப் போனதும் பெஞ்சில் உட்காரவில்லை. நேராக 'தண்ணி லிஃப்ட்' பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

தண்ணி லிஃப்ட் என்பது வருகிறவர்கள் வைத்த பெயர். பூங்காவில் இரண்டு குளங்கள். மேல்குளம் உயரத்தில் இருக்கிறது. அல்லியும் நீர்க்கோழியும் உள்ள கீழ்குளம் அதைவிடப் பத்தடி பள்ளத்தில். படகு எப்படிப் பத்தடி இறங்கும்? அதற்காகத்தான் இரண்டுக்கும் நடுவில் நீளமான சிமெண்ட் தொட்டி கட்டியிருந்தார்கள். தொட்டிக்கு மேல்பக்கம் ஒரு கதவு, கீழ்ப்பக்கம் ஒரு கதவு.

தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போது மேல்குளத்துப் படகு உள்ளே வரும். மேல்கதவை மூடிவிட்டு, ஷட்டர் என்கிற சின்ன மதகைத் திறந்து தண்ணீரைக் கீழ்குளத்துக்கு விடுவார்கள். தண்ணீர் இறங்க இறங்கப் படகும் இறங்கும். கீழ்குளத்து மட்டம் வந்ததும் கீழ்க்கதவைத் திறந்தால் படகு வெளியே போய்விடலாம். ஏறும்போது இதே வேலை தலைகீழாக நடக்கும். கீழ்க்கதவை மூடி, மேல்குளத்துத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பினால் படகு மிதந்து மேலே வந்துவிடும்.

ஒவ்வொரு முறை தொட்டி நிறையவும், ஒவ்வொரு முறை காலியாகவும் ஆறு நிமிடம் ஆனது. ஷட்டர் சக்கரத்தைச் சுற்றுவதும் கதவைத் தள்ளுவதும் அழகர்சாமி மாமாவின் வேலை. எப்போது எந்தப் படகு என்று விசில் ஊதுவது ரத்தினவேல் சாரின் வேலை.

கனிஷ்கா நோட்டில் இரண்டு பத்தி போட்டாள். தொட்டி நிறையும்போதோ காலியாகும்போதோ உள்ளே படகு இருந்தால் 'படகு' என்ற பத்தியில் ஒரு கோடு. படகு இல்லாமல் வெறும் தண்ணீர் மட்டும் ஏறி இறங்கினால் 'சும்மா' என்ற பத்தியில் ஒரு கோடு.

பத்து மணிக்கு ஆரம்பித்தாள். பத்தரைக்கெல்லாம் அவள் புருவம் சுருங்கிவிட்டது. ஒரு மணிக்கு நோட்டை மூடியபோது மூக்கு விடைத்திருந்தது.

மூன்று மணி நேரத்தில் தொட்டி நிறைந்ததும் காலியானதுமாக மொத்தம் முப்பது முறை. அதில் பதினான்கு முறை 'சும்மா'!

ஏன் என்றும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ரத்தினவேல் சாரிடம் மூன்று சட்டங்கள் இருந்தன. தொட்டிக்குள் ஒரு நேரத்தில் ஒரு படகுதான். மேலே ஆள் ஏறிய படகு காத்திருந்தால் அதற்குத்தான் முதல் வழி. ஏறுவதானாலும் இறங்குவதானாலும் சின்ன நம்பர் படகு முன்னால் போக வேண்டும்.

ஒன்றாம் நம்பர் படகு இறங்கியதும் தொட்டி காலியாக இருக்கும். கீழே அம்மா ஏறக் காத்திருப்பார். அப்படியே உள்ளே வந்தால் போதும், நிரம்புகிற தண்ணீரோடு மேலே வந்துவிடலாம். ஆனால் மேலே இரண்டாம் நம்பர் நிற்கிறதே! உடனே விசில். தொட்டி வெறுமனே நிரம்பும். இரண்டாம் நம்பர் இறங்கும். அப்புறம் மூன்றாம் நம்பருக்காக இன்னொரு முறை வெறுமனே நிரம்பும். அம்மா படகு கீழேயே கிடக்கும். மேலே போக வழி கிடைக்கும்போதோ, சின்ன நம்பர் படகு ஏதாவது சுற்றி முடித்து வந்து முன்னால் நின்றுவிடும்.

அந்த மூன்று மணி நேரத்தில் ஒன்றாம் நம்பர் மூன்று நடை போய் வந்தது. இரண்டாம் நம்பரும் மூன்றாம் நம்பரும் இரண்டிரண்டு. அம்மா ஒரே ஒரு நடை.

'அம்மா மெதுவா ஓட்டலை. அம்மாவை ஓட்டவே விடலை!' என்று நோட்டில் எழுதினாள். கோபத்தில் அழுத்தியதில் பென்சில் முனை முறிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது நோட்டைக் கொண்டுவந்து எதிரில் விரித்தாள். அம்மா கத்தியை வைத்துவிட்டு முழுவதையும் படித்தார்.

"பதினாலா? பத்து இருக்கும்னு நெனச்சேன்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல் மாசமே சார்கிட்ட சொன்னேன். 'படகு ஓட்டுறதை மட்டும் பாரு'ன்னுட்டார்."

"தொட்டிக்குள்ள ரெண்டு படகு நிக்க இடம் இருக்கேம்மா. ஏன் ஒண்ணு ஒண்ணா விடுறாங்க?"

"திறந்த புதுசுல ரெண்டு ரெண்டாத்தான் விட்டாங்க. ஒரு நாள் ரெண்டு படகும் உள்ளே முட்டிக்கிச்சு. ஒருத்தரோட போன் தண்ணியில விழுந்துடுச்சு. அன்னிலேர்ந்து ஒண்ணுதான்."

"ஏன் முட்டுச்சு?"

"கயிறு பிடிக்கலை, அதனால முட்டுச்சு. ஷட்டரை ஒரேயடியாத் திறந்துட்டாங்க. தண்ணி குபுகுபுன்னு வந்தா படகு நிக்குமா? முதல்ல பாதி திறக்கணும். தண்ணி கொஞ்சம் ஏறினப்புறம் முழுசாத் திறக்கலாம். அதுவரைக்கும் கரையில இருக்கிற இரும்பு முளையில கயிறை ஒரு சுத்து சுத்திக் கையில பிடிச்சுக்கணும்."

"கட்டிட்டா?"

"ஐயோ, கட்டவே கூடாது! தண்ணி இறங்கிடும். கட்டின படகு எப்படி இறங்கும்? சுவத்துல தொங்கும். அதனாலதான் ஒரு சுத்து. தண்ணி இறங்க இறங்கக் கயிறை விட்டுக்கொடுத்துக்கிட்டே வரணும். பயிற்சியில எல்லாருக்கும்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

கனிஷ்காவுக்கு மறுபடியும் காது சூடானது. சொல்லிக் கொடுத்தபடி செய்கிற ஒரே ஆளைப் பார்த்து, 'கயிறைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே' என்று கேலி செய்திருக்கிறார் அந்த மனிதர்!

ஞாயிற்றுக்கிழமை. விடுமுறையின் கடைசி நாள் என்பதால் பதினோரு மணிக்கே வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது. கனிஷ்கா நேராக ரத்தினவேல் சாரிடம் போனாள்.

"சார், ஒரு நிமிஷம் இதைப் பாருங்க. நேத்து பதினாலு தடவை தொட்டி சும்மா..."

அவர் நோட்டை வாங்கினார். முதல் பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆறாம் கிளாஸ் படிக்கிற பொண்ணு எனக்குப் படகு விடச் சொல்லித் தர்றியா?" என்று கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அந்த நோட்டை இரண்டாக மடக்கி, முகத்துக்கு நேரே விசிறிக்கொண்டார்!

"நல்லாக் காத்து வருது பாப்பா. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

கனிஷ்காவுக்கு அழுகை வந்தது. ஆனால் இந்த ஆள் எதிரில் அழுவதா? மாட்டவே மாட்டாள். கையை நீட்டியபடி அப்படியே நின்றாள். அவர் விசிறுவதை நிறுத்தி நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்வரை அந்தக் கையை இறக்கவில்லை.

பன்னிரண்டு மணி வெயில். கீழ்குளத்தில் பூவரசனின் மூன்றாம் நம்பர் படகும் அம்மாவின் நான்காம் நம்பர் படகும் ஏறுவதற்காகக் காத்துக் கிடந்தன. அம்மா படகில் முசிறியிலிருந்து வந்த ஒரு குடும்பம். கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

"எவ்வளவு நேரம்மா இப்படி வெயில்ல வறுப்பீங்க? உங்களுக்கு ஓட்டத் தெரியுமா தெரியாதா?" என்று குழந்தையின் அப்பா கத்தினார்.

அம்மா தன் குடையை விரித்துக் குழந்தைக்குப் பிடித்தார்.

மேலே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கனிஷ்கா எல்லாவற்றையும் பார்த்தாள். செய்தது யாரோ. திட்டு வாங்குவது அம்மா!

அந்த நேரத்தில் காவலாளி ஓடி வந்தார். "சார், பார்க்கிங்ல ரெண்டு வேன் இடிச்சுக்கிச்சு. ஒரே சண்டை. சீக்கிரம் வாங்க!"

ரத்தினவேல் சார் தலையில் கை வைத்தார். "அழகர்சாமி, இப்ப ஒண்ணாம் நம்பர் இறங்கிடுச்சுல்ல? அடுத்து ரெண்டு, பாத்துக்க," என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து ஓடினார்.

ஒன்றாம் நம்பர் படகு கீழ்க்கதவைத் தாண்டி வெளியே போனது. தொட்டி காலி. கீழ்க்கதவு திறந்தே இருந்தது. அதை மூட அழகர்சாமி மாமா கையை வைத்தார்.

"மூடாதீங்க மாமா!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கனிஷ்கா மூச்சிரைக்க எதிரில் நின்றாள்.

"கீழே ரெண்டு படகு நிக்குது. அதுங்க உள்ளே வரட்டும். தண்ணி எப்படியும் நிரம்பத்தானே போகுது?"

"சார் ரெண்டாம் நம்பர்னு சொல்லிட்டாரேம்மா. எனக்கு எதுக்கு வம்பு?"

கனிஷ்கா நோட்டைப் பிரித்தாள். "நேத்து காலையில நீங்க முப்பது தடவை சக்கரம் சுத்தினீங்க மாமா."

"தோள்பட்டை சொல்லுதே! ராத்திரி தைலம் தேய்ச்சும் தூங்க முடியலை."

"அதுல பதினாலு தடவை உள்ளே படகே இல்லை. வெறும் தண்ணியை ஏத்தி இறக்கினீங்க."

அழகர்சாமி மாமா நோட்டை வாங்கி ஒவ்வொரு கோடாக விரல் வைத்து எண்ணினார். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அங்கே காய்த்துப்போன இடத்தில் புதிதாக ஒரு கொப்புளம்.

"பதினாலு தடவை சும்மாவா சுத்தினேன்?" அவர் குரல் மெல்ல உயர்ந்தது. "பதினாலு தடவையா? அநியாயமா இருக்கே!"

"நாலு படகு போய் வர இப்ப ஆறு தடவை சும்மா சுத்துறீங்க. ரெண்டு ரெண்டா விட்டா ரெண்டே தடவைதான்."

அதற்கு மேல் அவளுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழகர்சாமி மாமா கீழே எட்டிப் பார்த்து, "ஜோதிம்மா! பூவரசு! ரெண்டு பேரும் உள்ளே வாங்க!" என்று கத்தினார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். மேலே மகளையும் அவள் கையிலிருந்த நோட்டையும் பார்த்தார். ஒரு நொடி யோசித்தார்.

"சார் கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லிக்கலாம்," என்றார் உரக்க. "பூவரசு தம்பி, நீங்க இடது பக்கம் வாங்க. நான் வலது பக்கம்."

இரண்டு படகுகளும் மெல்ல நகர்ந்து தொட்டிக்குள் அக்கம்பக்கமாக நின்றன. நடுவில் இரண்டு சாண் இடைவெளி.

"கயிறு!" என்றார் அம்மா.

பூவரசன் தயங்கினார். "அக்கா, நான் அதெல்லாம் பிடிச்சு நாளாச்சு. கட்டிடவா?"

"கட்டாதீங்க. முளையில ஒரே ஒரு சுத்து. நுனியைக் கையில வச்சுக்குங்க. படகு ஏற ஏறக் கயிறு தொய்யும், இழுத்துக்கிட்டே வாங்க. அழகர்சாமி அண்ணே, ஷட்டரைப் பாதிக்குத் திறங்க. நான் சொன்னப்புறம் முழுசா!"

கீழ்க்கதவு மூடியது. சக்கரம் பாதி சுற்றியது. தண்ணீர் சலசலத்து உள்ளே வந்தது. படகுகள் லேசாக அசைந்தன. பூவரசன் கயிற்றை இழுத்தார், அம்மாவும் இழுத்தார். இரண்டு சாண் இடைவெளி அப்படியே இருந்தது.

"இப்ப முழுசா!"

ஈரமான சுவர்கள் இரண்டு பக்கமும் மெல்லக் கீழே போயின. வானம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கைக்குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, சுவர் எங்கே போகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

தண்ணீர் மேலே வந்ததும் அழகர்சாமி மாமா வழக்கம்போல மேல்கதவுக் கட்டையில் தோளைக் கொடுத்துத் தள்ளத் தொடங்கினார். கதவு அசையவில்லை.

"இன்னும் நாலு விரக்கடை ஏறணும் மாமா," என்றாள் கனிஷ்கா. "ரெண்டு பக்கமும் தண்ணி சமமாகாம திறக்காது. கொஞ்சம் பொறுங்க."

அவர் பொறுத்தார். சலசலப்பு அடங்கியது. இப்போது தள்ளினார். கதவு வீட்டுக் கதவு மாதிரித் திறந்துகொண்டது.

"அட! இத்தனை நாளா இதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேனே!"

இரண்டு படகுகளும் மேல்குளத்துக்குப் போனதுமே, அந்தத் தண்ணீரிலேயே இரண்டாம் நம்பர் உள்ளே வந்து இறங்கியது. கீழே ஒன்றாம் நம்பர் அதற்காகக் காத்திருந்தது. இரண்டாம் நம்பரும் சுற்றி முடித்ததும் அவை இரண்டும் சேர்ந்து ஏறின. அதற்குள் மூன்றும் நான்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு தயாராக நின்றன. அவை சேர்ந்து இறங்கின. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சும்மா ஏறவில்லை, சும்மா இறங்கவில்லை. கனிஷ்கா கரையில் நின்றுகொண்டு 'படகு' பத்தியில் மட்டும் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள்.

வரிசை நகர்ந்தது. நடந்தது. பிறகு கிட்டத்தட்ட ஓடியது.

ரத்தினவேல் சார் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. சட்டையெல்லாம் வியர்வை. துறைக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசல் வரை நின்ற வரிசையைக் காணோம்.

"எங்கேய்யா எல்லாரும்? கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க சார்," என்றார் அழகர்சாமி மாமா, சக்கரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு. "படகுல போயிட்டாங்க. பாதிப் பேர் திரும்பியும் வந்துட்டாங்க."

ரத்தினவேல் சார் தொட்டியை எட்டிப் பார்த்தார். உள்ளே இரண்டு படகுகள்! விசிலை வாயில் வைத்து ஊதினார். அது பெரிதாகக் கீச்சிட்டது. யாரும் நிற்கவில்லை. ஏனென்றால், பாதி ஏறிக்கொண்டிருக்கும் படகை விசிலால் நிறுத்த முடியாது.

"யாரைக் கேட்டு ரெண்டு விட்டீங்க?"

"நான்தான் சொன்னேன் சார்," என்றார் அம்மா, ஏறிவரும் படகிலிருந்து.

"இல்லை, நான்தான்," என்றாள் கனிஷ்கா.

"சக்கரம் சுத்தினது நான்," என்றார் அழகர்சாமி மாமா.

அவர் யாரைத் திட்டுவது என்று முடிவு செய்வதற்குள் படகுகள் மேலே வந்துவிட்டன. அம்மா படகிலிருந்து இறங்கிய ஒருவர் அவர் எதிரில் வந்து நின்றார். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து வந்திருந்த வைதேஹி மாமி. கூடவே அவருடைய பையன் ஜகன்னாத்.

"நீங்கதானே இங்கே சூப்பர்வைசர்? நேத்திக்கும் வந்தோம். ரெண்டு மணி நேரம் நின்னுட்டு, பெருமாள் சேவிக்க நாழியாச்சுன்னு ஆத்துக்கே திரும்பிட்டோம். இன்னிக்கு வந்தோம், ஏறினோம், இதோ இறங்கிட்டோம்! என்னமா நடத்தறேள்! ரொம்ப சந்தோஷம்."

ரத்தினவேல் சாரின் முகம் மாறியது. திட்டுவதற்குத் திறந்த வாய் புன்னகையாகிவிட்டது. "ஹி ஹி... நம்ம கடமைதானே மாமி. எல்லாம் ஒரு ப்ளான்தான்..."

கனிஷ்காவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை கொதித்தது. ப்ளானா? யாருடைய ப்ளான்?

"சார்!" என்றாள்.

நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் அவரையே பார்த்தாள். அவர் விசிறிக்கொண்டபோது விழுந்த மடிப்பு அட்டையில் பளிச்சென்று தெரிந்தது.

ரத்தினவேல் சார் இருமினார். விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். மறுபடி வெளியே எடுத்தார். மாமி போகாமல் அங்கேயே நின்றார். ஜகன்னாத்தும் நின்றான். படகிலிருந்து இறங்கிய மற்றவர்களும் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னோட ப்ளான் இல்லை மாமி," என்றார் அவர் கடைசியில். "இந்தப் பொண்ணோடது. காலையில என்கிட்டே கொண்டு வந்து காட்டுச்சு. நான்... சரியாப் பார்க்கலை."

"பார்த்தீங்க சார். விசிறிக்கிட்டீங்க," என்றாள் கனிஷ்கா.

அழகர்சாமி மாமா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆமா. விசிறிக்கிட்டேன்." ரத்தினவேல் சார் பெஞ்சில் உட்கார்ந்தார். "பாப்பா, வரிசை இங்கேதான் நிக்குது. மேலே நிக்கிறவங்க எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க. அதனால இங்கேருந்து படகு போயிட்டே இருக்கணும்னு பாத்தேன். கீழே காத்திருக்கிறவங்க பேசுறது எனக்குக் கேக்காது."

"எங்கம்மாவுக்குக் கேட்டுச்சு சார். தினமும்."

அவர் கையை நீட்டினார். இந்த முறை நோட்டை மடக்கவில்லை. மடியில் விரித்து வைத்து, முதல் பக்கத்திலிருந்து படித்தார். 'சும்மா' பத்தி வந்ததும் உதட்டை அசைத்து எண்ணினார். 'அம்மாவை ஓட்டவே விடலை' என்ற வரியில் நெடுநேரம் நின்றார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. கெட்டிக்காரி," என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் கெட்டிக்காரியா இல்லையான்னு அப்புறம் பாத்துக்கலாம் சார். எங்கம்மாவுக்கு வேகம் பத்தாதுன்னு சொன்னீங்களே, எல்லாரும் இருக்கும்போது சொன்னீங்க."

படகிலிருந்து இறங்கியவர்கள் அவர் பக்கம் திரும்பினார்கள்.

ரத்தினவேல் சார் எழுந்தார். படகின் ஓரமாகப் போய் நின்றார். அம்மா அப்போது கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஜோதிம்மா..." என்று ஆரம்பித்தவர், திரும்பிப் பார்த்தார். கனிஷ்கா இன்னும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தினார். "ஜோதிம்மா, தாமதத்துக்குக் காரணம் நீங்க இல்லை. நான் போட்ட வரிசைதான். வெள்ளிக்கிழமை அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொன்னது தப்பு. திங்கட்கிழமை நீங்க படகுலதான் இருக்கணும். அப்புறம்... அந்தக் கயிறு பிடிக்கிறதை மத்த மூணு பேருக்கும் சொல்லிக் கொடுங்க."

அம்மா கடைசிச் சுற்றையும் சுருட்டி, கயிற்றைப் படகின் மூலையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சொல்லிக் கொடுக்கிறேன் சார். உங்களுக்கும் சேர்த்துத்தான்."

இந்த முறை அழகர்சாமி மாமாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வைதேஹி மாமி வாய்விட்டே சிரித்தார். ஒரு நொடி கழித்து ரத்தினவேல் சாரும் சிரித்துவிட்டார். ஆனால் காலையில் சிரித்த மாதிரி இல்லை.

"அம்மா, நாமளும் இன்னொரு தடவை போகலாம்மா," என்று ஜகன்னாத் மாமியின் கையைப் பிடித்து இழுத்தான்.

"ஏறுங்க, ஏறுங்க. இடம் இருக்கு," என்று அம்மா கூப்பிட்டார். "நீயும் வா கனிஷ்கா. லீவு பூரா கரையிலேயே நிக்கிறே."

கனிஷ்கா லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டாள். பின்னால் ரத்தினவேல் சார் ஏதோ கேட்க நினைத்தவர்போல நின்றார்.

"பாப்பா, நாளைக்கும் கொஞ்சம் வந்து பாத்துச் சொல்றியா?"

"நாளைக்கு ஸ்கூல் திறக்குது சார்," என்றாள் கனிஷ்கா. "இனிமே நீங்களே பாத்துக்குங்க."

சொல்லிவிட்டு நான்காம் நம்பர் படகின் முன்சீட்டில் தாவி உட்கார்ந்தாள்.